மறுகால் மதகும் அதைக் காப்பவர்களும்: வாசகர் கேள்வி – பதில்

கடந்த இதழில் மழைக்கால ஏற்பாடுகளைப் பற்றி எழுதியதைத் தொடர்ந்து குமரி மாவட்ட வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அணைகளின் மறுகாலை, அதாவது உபரிநீர் வெளியேறும் வழியைப் பற்றியே கேட்டிருந்தன. அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் தரப்படுகிறது.

கேள்வி: பேச்சிப்பாறை அணையின் முழு நீர்மட்டம் 48 அடி. ஆனால் 42, 43 அடியிலேயே மறுகால் திறந்து தண்ணீரைக் கடலுக்கு விட்டுவிடுகிறார்கள். மாசி மாதத்தில் கும்பப்பூ (இரண்டாம் போக நெல்) வயல் காயும்போது நாங்கள் யாரிடம் போய்க் கேட்பது? (குலசேகரம் வாசகர்)

பதில்: உங்கள் ஆதங்கம் நியாயமானது, ஆனால் அந்த ஐந்தாறு அடியை வெற்றிடம் என்று எண்ண வேண்டாம், அது வெள்ளத்துக்காக ஒதுக்கி வைத்த இடம். தமிழகத்தின் பெரும்பாலான பகுதிகள் பெரிதும் வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்க, நம் மாவட்டத்துக்கோ தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டும் கிடைக்கின்றன. இது பெரும் கொடைதான் என்றாலும், ஐப்பசி மழை தொடங்கும்போதே ஆனி, ஆடி மழையில் அணை பாதிக்கு மேல் நிரம்பிவிடக் கூடும் என்பது அணையை இயக்குபவர்களின் தலைவலி.

ஒரு கணக்கைப் பாருங்கள். நீர்ப்பரப்பு 10 சதுர கிலோமீட்டர் உள்ள ஓர் அணை என்று வைத்துக்கொள்வோம். அதில் மட்டம் ஓர் அடி உயர ஏறத்தாழ 10.8 கோடி கனஅடி நீர் வேண்டும். மலையிலிருந்து வினாடிக்கு 20,000 கனஅடி வந்துகொண்டிருக்க, மறுகாலில் 5,000 கனஅடியை மட்டும் வெளியேற்றினால், அந்த ஓர் அடி ஏற இரண்டு மணி நேரம் போதும். ஆறு அடி இடம் இருந்தால் பன்னிரண்டு மணி நேரம் கையில் இருக்கும். ஓர் அடிதான் இருந்தால், நள்ளிரவில் எல்லாக் கதவுகளையும் ஒரே நேரத்தில் தூக்குவதைத் தவிர வேறு வழியே இராது. பகலில் 1,000 கனஅடியாகத் திறப்பதைக் கண்டு வருந்துகிறோம். இரவில் திடீரென்று வரும் பெருவெள்ளத்தை அதுவே தடுக்கிறது. அதே வேளையில், கார்த்திகை கடந்து மழை ஓய்ந்த பிறகும் பழைய அளவிலேயே நிறுத்தி வைத்தால் உங்கள் குறை சரியானதாகிவிடும். நிறுத்தும் மட்டம் மாதத்துக்கு மாதம் மாற வேண்டிய ஒன்று, அதை வெளிப்படையாக அறிவிப்பதே முறை என்பது என் கருத்து.

கேள்வி: கலிபோர்னியாவில் ஓர் அணையின் மறுகாலே உடைந்ததைக் காணொளியில் பார்த்தேன். தண்ணீர் போவதற்காகவே கட்டிய கான்கிரீட் சரிவு தண்ணீர் போனதால் எப்படி உடையும்? (குழித்துறை வாசகர்)

பதில்: நீங்கள் பார்த்தது ஓரோவில் அணையாக இருக்க வேண்டும். 2017 பிப்ரவரி 7 அன்று அதன் முதன்மை மறுகாலின் சரிவில் பெரும் பள்ளம் விழுந்தது. பிறகு, கட்டிய நாளிலிருந்து ஒருமுறைகூடப் பயன்படாத அவசர மறுகாலில் நீர் வழிந்து, அதன் கீழிருந்த மண்ணை வேகமாக அரிக்கத் தொடங்கியதால், ஏறத்தாழ 1,88,000 பேரை வீடுகளைவிட்டு வெளியேறச் சொன்னார்கள். அணை தப்பியது.

உங்கள் கேள்விக்கு விடை சரிவின் மேலே இல்லை, அடியில் இருக்கிறது. 15 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் நீர் உராய்வு இழப்பைக் கழித்தாலும் மணிக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். சரிவின் கான்கிரீட் பலகைகளுக்கு இடையே இருக்கும் இணைப்பில் கீழ்ப்பக்கப் பலகை ஒரு விரல்கடை தூக்கி நின்றால், ஓடிவரும் நீர் அந்த விளிம்பில் முட்டி, தன் வேகத்தை அழுத்தமாக மாற்றி, இடுக்கு வழியே அடியில் புகுந்துகொள்ளும். கணக்குப்படி அந்த அழுத்தம் சதுர மீட்டருக்கு 15 டன் வரை போகலாம். அதில் பாதியே உள்ளே சென்றாலும் 7 டன்னுக்கு மேல். 40 சென்டிமீட்டர் கனமுள்ள பலகையின் எடையோ சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டன்தான். அடியில் உள்ள வடிகுழாய்கள் அந்த நீரை வெளியே கொண்டுபோக வேண்டும், பாறையில் அடித்த இரும்புக் கம்பிகள் பலகையைப் பிடித்து நிறுத்த வேண்டும். இவ்விரண்டும் தளர்ந்திருந்தால் பலகை காற்றில் தூக்கிய கூரை ஓடுபோலக் கிளம்பிவிடும். பலகை போன பிறகு அடிமண்ணை அரிப்பது நீருக்கு ஒரு வேலையே அல்ல.

ஓரோவிலில் வடிகுழாய்களின் மேல் ஓடிய விரிசல்கள் அணை கட்டிய சில ஆண்டுகளிலேயே தெரிந்துவிட்டன. அவற்றை இயல்பானவை என்று கருதி, மேற்பூச்சாகப் பழுது பார்த்தே காலம் கழித்தார்கள் என்பது விசாரணைக் குழு கண்ட உண்மை. பாறை என்று எண்ணிய அடித்தளத்தின் சில பகுதிகள் சிதைந்த, வலுவற்ற பாறையாக இருந்ததும் சேர்ந்துகொண்டது. ஆகவே மறுகாலைக் கண்காணிப்பது என்றால், கோடைக் காலத்தில் சரிவு காய்ந்திருக்கும்போது கையில் சுத்தியலோடு அதன்மேல் நடந்து, பலகைகளைத் தட்டி, 'டொக் டொக்' என்று பொந்து ஒலி கேட்கும் இடங்களைக் குறித்துக்கொள்வதில் தொடங்க வேண்டும். இன்று ட்ரோன், தரை ஊடுருவும் ராடார் எல்லாம் வந்துவிட்டன. இருந்தாலும் அந்தச் சுத்தியலை நான் கைவிட மாட்டேன்.

கேள்வி: அணையின் கீழ்ப்பக்கத்தில் எப்போதும் தண்ணீர் கசிந்துகொண்டிருக்கிறது. அது ஆபத்தா? (திருவட்டார் வாசகர்)

பதில்: கசியாத அணை கிடையாது. எவ்வளவு கசிகிறது, தெளிவாக வருகிறதா கலங்கலாக வருகிறதா என்பவையே கேள்விகள். கசிவுநீரை ஒரு சிறு வாய்க்காலில் திரட்டி, 'வி' வடிவில் வெட்டிய இரும்புத் தகட்டின் வழியே விழச் செய்வார்கள். செங்கோண வெட்டில் நீர் 5 சென்டிமீட்டர் உயரம் நின்றால் வினாடிக்கு முக்கால் லிட்டர் போகிறது என்று பொருள். 10 சென்டிமீட்டர் நின்றால் ஏறத்தாழ 4.4 லிட்டர். உயரம் இரண்டு மடங்கானால் நீர் ஐந்தரை மடங்குக்கு மேலாகிவிடுவதால், ஒரு சென்டிமீட்டர் தவறாகப் படிப்பதும் சிறிய பிழை அல்ல.

என் பணிக்காலத்தில் ஓர் அணையில் மாதக்கணக்கில் ஒரே அளவு பதிவேட்டில் எழுதப்பட்டிருப்பதைக் கண்டு சந்தேகித்து நேரில் போய்ப் பார்த்தேன். வெட்டில் தேக்கிலைச் சருகுகள் அடைத்து, நீர் பக்கவாட்டில் வழிந்துகொண்டிருந்தது. ஊழியரோ முந்தைய மாத எண்ணை அப்படியே எடுத்து எழுதிக்கொண்டிருந்தார். அணைமட்டம் உயர உயரக் கசிவும் கூடி, மட்டம் இறங்கினால் கசிவும் இறங்க வேண்டும். மட்டம் மாறாமல் கசிவு மட்டும் கூடினாலோ, நீர் கலங்கி மண்ணோடு வந்தாலோ, அதை அன்றைக்கே மேலிடத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

கேள்வி: அணைகளின் ஷட்டர் அடித்துச் செல்லப்பட்டதாக அடிக்கடி செய்தி வருகிறதே? (பொன்மனை வாசகர்)

பதில்: 2022 செப்டம்பரில் பரம்பிக்குளத்திலும், 2024 ஆகஸ்டில் துங்கபத்திரையின் 19ஆம் எண் கதவிலும் நடந்தவை ஏறக்குறைய ஒரே கதைதான்: சங்கிலி அறுந்தது, கதவு போயிற்று. அணைச்சுவரின் வயதைப் பற்றிக் கவலைப்படும் நாம் சங்கிலியின் வயதைக் கேட்பதில்லை. பேச்சிப்பாறையின் பழைய சுவர் 1906 முதல் நிற்கிறது, அதைக் கட்டிய பொறியாளர் மிஞ்சினின் கல்லறையும் அணைக்கு அருகிலேயே இருக்கிறது. ஆனால் எந்த அணையிலும் இரும்பு அத்தனை காலம் தாங்காது. மழைக்கு முன் ஒவ்வொரு கதவையும் ஒருமுறையேனும் ஏற்றி இறக்கிப் பார்ப்பதும், மின்சாரம் போனால் ஜெனரேட்டர் உடனே ஓடுகிறதா என்று சோதிப்பதும், கம்பிவடத்துக்கு கிரீஸ் இடுவதும் சிறு செலவுகள்.

கேள்வி: ஆற்றோரம் இருக்கும் எங்களுக்கு எவ்வளவு நேரம் முன்னால் தெரியும்? (முஞ்சிறை வாசகர்)

பதில்: 2021 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர் கேட்கும் கேள்வி இது. பேச்சிப்பாறையின் உபரிநீர் கோதையாற்றில் வந்து திற்பரப்பைக் கடக்கிறது. பெருஞ்சாணி அணையின் நீர் பறளியாற்றில் வருகிறது. இரண்டும் மூவாற்றுமுகத்தில் சேர்ந்த பிறகுதான் குழித்துறைக்கும் உங்கள் பக்கத்துக்கும் வருகின்றன. ஆகவே ஓர் அணையின் திறப்பளவை மட்டும் செய்தியில் கேட்டு முடிவுக்கு வராமல், இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும். அணைக்குக் கீழே உள்ள ஓடைகளில் பெய்யும் மழையும் அந்தக் கணக்கில் சேரும். ஆறு கடலில் சேரும் தேங்காப்பட்டணம் பொழிமுகத்தில் கடல் ஏறி நிற்கும் நேரமாக இருந்தால், வந்த வெள்ளம் வடியவும் தாமதமாகும். 2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டப்படி, மழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு செய்வதோடு, எந்த நிலையில் யாரை எப்படி எச்சரிப்பது என்பதைச் சொல்லும் அவசரகாலச் செயல் திட்டத்தையும் அணையை நடத்துபவர்கள் வைத்திருக்க வேண்டும். அதில் உங்கள் வார்டு எந்த இடத்தில் குறிக்கப்பட்டிருக்கிறது, எந்தப் பள்ளிக்கூடம் முகாம் என்று, ஆனி மாதத்திலேயே ஊராட்சியில் எழுத்துமூலம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.