முதல் பக்கத்தில் இல்லாத எவரெஸ்ட்

ஐம்பதுகளின் நாளிதழ்களைப் புரட்டி, ஏதேனும் ஒரே நாளின் தலைப்புச் செய்திகளை இன்று படித்தால் எது சிரிப்பை வரவழைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் தயங்காமல் தேர்ந்தெடுப்பது 1953 ஜூன் 2ஆம் நாள் லண்டனில் வெளிவந்த இதழ்களை. அன்று இரண்டாம் எலிசபெத் அரசிக்கு முடிசூட்டு விழா. எட்மண்ட் ஹில்லரியும் டென்சிங் நோர்கேயும் எவரெஸ்ட் உச்சியை அடைந்துவிட்டார்கள் என்ற செய்தி அந்நகர மக்களை எட்டியதும் அதே காலையில்தான்.

உலகுக்கு அந்தச் செய்தியை முந்தித் தந்தது 'தி டைம்ஸ்' நாளிதழ். மலையேற்றக் குழுவுக்குப் பண உதவி செய்து, செய்திகளுக்கான தனி உரிமையையும் அது பெற்றிருந்தது. இப்படியொரு செய்தி கைக்குக் கிடைத்தால் இன்றைய நாளிதழ் எதுவாயினும் முதல் பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்திருக்கும். அன்றைய 'தி டைம்ஸ்' இதழின் முதல் பக்கத்திலோ வழக்கம்போல் விளம்பரங்கள்தான் இருந்தன. பிறப்பு, திருமணம், மரணம் என்று நெருக்கி அச்சிட்ட சிறு அறிவிப்புகளைக் கடந்து உள்ளே போனால்தான் எவரெஸ்ட் கிடைக்கும். 1966 மே மாதம் வரை அந்த இதழ் முதல் பக்கத்தைச் செய்திக்குக் கொடுக்கவே இல்லை. உலகின் மிக உயரமான மலையை மனிதன் ஏறி முடித்ததுகூட அந்த வழக்கத்தை அசைக்கவில்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வருகிறது; அந்தப் பிடிவாதத்தின் மேல் கொஞ்சம் மரியாதையும் வருகிறது.

இது லண்டனுக்கு மட்டுமே உரிய வழக்கம் அல்ல. சென்னையிலிருந்து வெளிவரும் 'தி இந்து' ஆங்கில நாளிதழும் 1958 ஜனவரி 14ஆம் தேதிதான் முதல் பக்கத்துக்குச் செய்திகளைக் கொண்டுவந்தது. கும்பகோணத்தில் இருந்த என் தாத்தா, எழுபதுகளிலும்கூட, பேப்பர் கைக்கு வந்தவுடன் முதல் தாளைப் பாராமலே புரட்டி, உள்பக்கத்தை வெளியே வருமாறு மடித்து வைத்துக்கொண்டுதான் படிக்கத் தொடங்குவார். முதல் பக்கத்திலேயே செய்தி இருக்கிறதே என்று ஒருமுறை சொன்னேன். "சமாசாரம் உள்ளேதாண்டா இருக்கும்" என்றார். இளமையில் பழகிய கை, அதை மாற்றிக்கொள்ள அவருக்குத் தோன்றவில்லை.

அந்தச் செய்தி மலையிலிருந்து இறங்கி வந்த விதம் இன்னும் சுவையானது. குழுவுடன் சென்றிருந்த 'தி டைம்ஸ்' நிருபர் ஜேம்ஸ் மாரிஸ், பின்னாளில் ஜேன் மாரிஸ் என்ற பெயரில் பயண எழுத்துக்காகப் புகழ்பெற்றவர். அப்போது அவருக்கு வயது 26. மலையேறிப் பழக்கம் கிடையாது. உச்சியை அடைந்தது மே 29ஆம் தேதி முற்பகல். மறுநாள் பிற்பகல், சுமார் 6,500 மீட்டர் உயரத்தில் இருந்த நான்காம் முகாமுக்கு ஹில்லரியும் டென்சிங்கும் திரும்பியபோது மாரிஸ் அங்கே இருந்தார். உடனே, குழுவைச் சேர்ந்த மைக்கேல் வெஸ்ட்மகாட் துணையுடன், உருகத் தொடங்கியிருந்த கும்பு பனிச்சரிவு வழியே, இருட்டிக்கொண்டு வரும் நேரத்தில், சறுக்கியும் விழுந்தும் அடிவார முகாமுக்கு இறங்கி வந்து, கூடாரத்தில் உட்கார்ந்து தட்டச்சில் ஒரு சிறு செய்தியை அடித்தார்.

அந்தச் செய்தியில் இருந்தது தோல்வி. பனியின் நிலை மோசம், முன்தள முகாம் கைவிடப்பட்டது, நிலைமை சீரடையக் காத்திருக்கிறோம், அனைவரும் நலம் என்பதே அதன் சாரம். போட்டி இதழ்களின் நிருபர்கள் காத்மாண்டு முதல் மலைப்பாதை வரை காத்திருந்ததால், மாரிஸும் 'தி டைம்ஸ்' இதழாரும் முன்கூட்டியே ஒரு சங்கேத அட்டவணையை வகுத்து வைத்திருந்தார்கள். பனியின் நிலை மோசம் என்றால் எவரெஸ்ட் ஏறியாயிற்று என்று பொருள். முன்தள முகாம் கைவிடப்பட்டது என்றால் ஹில்லரி. நிலைமை சீரடையக் காத்திருக்கிறோம் என்றால் டென்சிங். ஓர் அஞ்சல் ஓட்டக்காரர் அந்தத் தாளை நாம்சே பஜாருக்கு எடுத்துச் சென்றார். அங்கே இருந்த இந்திய அரசின் கம்பியில்லாத் தந்தி நிலையத்தார், ஒரு சோகச் செய்தியை அனுப்புகிறோம் என்ற நினைப்பிலேயே அதைக் காத்மாண்டுவின் பிரிட்டிஷ் தூதரகத்துக்கு அனுப்பிவைத்தார்கள். அந்த நூற்றாண்டின் பெரிய வெற்றிச் செய்திகளுள் ஒன்று, வழி நெடுகத் தோல்வியின் முக்காட்டைப் போட்டுக்கொண்டே ஜூன் 1 அன்று லண்டன் போய்ச் சேர்ந்தது.

இவ்வளவு பாடுபட்ட மாரிஸின் பெயர் மறுநாள் இதழில் இல்லை. நிருபரின் பெயரைப் போடும் வழக்கத்தை 'தி டைம்ஸ்' 1967இல்தான் ஏற்றுக்கொண்டது. இந்த ஒன்றுக்கு மட்டும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. நாம்சே வரை ஓடிய அந்த ஓட்டக்காரருக்கும் எங்காவது ஒரு வரி கொடுத்திருக்கலாம்.

மற்ற இதழ்கள் 'தி டைம்ஸ்' முதல் பதிப்பைப் பார்த்த பிறகு அவசர அவசரமாகத் தங்கள் பதிப்புகளில் எவரெஸ்டைச் சேர்த்துக்கொண்டன. அவற்றுள் 'டெய்லி எக்ஸ்பிரஸ்' வைத்த தலைப்பு நம் மொழியில் ஏறக்குறைய இப்படி வரும்: "இத்தனையும் உண்டு, கூடவே எவரெஸ்டும்!" கல்யாணச் சாப்பாட்டில் பாயசமும் ஆன பிறகு இன்னொரு இனிப்பை இலையில் வைத்தால் வருமே ஒரு திக்குமுக்காடல், அது அப்படியே அந்தத் தலைப்பில் இருக்கிறது. போருக்குப் பிறகும் சர்க்கரைப் பங்கீடு முடியாதிருந்த நாடு. விழா நாளிலோ குளிரும் மழையும். நடைபாதையில் இரவெல்லாம் நனைந்தபடி ஊர்வலத்துக்காகக் காத்திருந்தவர்களின் கைக்கு அந்தத் தாள் வந்ததை எண்ணிப் பார்த்தால், அதன் குதூகலம் மிகை என்று எனக்குத் தோன்றவில்லை.

அன்றைய செய்திகளில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி லண்டனில் நிகழ்ந்ததே அல்ல. ஜூன் 2 மாலை, எவரெஸ்டின் அடிவார முகாமில் தலைவர் ஜான் ஹன்ட்டும் குழுவினரும் முடிசூட்டு விழா எப்படி நடந்தது என்று அறிய வானொலியைத் திருப்பினார்கள். விழாச் செய்தியை அடுத்து, எவரெஸ்ட் ஏறப்பட்டுவிட்டது என்று அறிவிப்பாளர் வாசித்தார். தங்கள் செய்தி இன்னும் மலைப்பாதையில்தான் போய்க்கொண்டிருக்கும் என்று எண்ணியிருந்தவர்கள், அது அதற்குள் லண்டனில் வெளியாகிவிட்டதைக் கேட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ரம் ஜாடியைக் கொண்டுவரச் சொன்னார்கள்.