லெட்ஜர் நானோ எக்ஸ் என்ற கிரிப்டோ ஹார்டுவேர் வாலட்டை (சாவியைத் தனியே காக்கும் சின்னக் கருவி) மொபைலில் உள்ள மெட்டாமாஸ்க் வாலட் ஆப்புடன் இணைக்க, அதன் 24 மீட்புச் சொற்களை ஆப்பில் போடணுமா?

வேண்டவே வேண்டாம். அந்தச் சொற்களைப் போனில் தட்டிய நிமிடமே ஹார்டுவேர் வாலட் வாங்கியதன் பயன் போய்விடும். பணத்தை நகர்த்தத் தேவையான ரகசியக் குறியீடான தனிச்சாவி லெட்ஜருக்குள்ளேயே இருக்கும். ஆப் பரிவர்த்தனையை அனுப்பும், கையொப்பம் மட்டும் திரும்பி வரும்.

லெட்ஜரில் பின் போட்டு, எத்தீரியம் ஆப்பைத் திறந்து வையுங்கள். பலரும் தடுமாறுவது இங்கேதான். பிறகு மெட்டாமாஸ்க்கில் கணக்கு சேர்க்கும் இடத்தில் ஹார்டுவேர் வாலட்டைத் தேர்ந்து, புளூடூத்தில் இணையுங்கள். ஆண்ட்ராய்டு 11 அல்லது அதற்கும் பழையது என்றால் லொகேஷனும் ஆனில் இருக்கணும்.

அனுப்பும்போது லெட்ஜரின் சின்னத் திரையில் ஓடும் பெறுபவரின் முகவரியை, 0x-இல் தொடங்கிக் கடைசி எழுத்து வரை சரிபாருங்கள். போனில் வைரஸ் புகுந்திருந்தால் அதன் திரை பொய் காட்டும். நீங்கள் லெட்ஜரின் இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்தும்வரை பணம் நகராது.