முள் தைத்த இடம் வெள்ளையணுவுக்கு எப்படித் தெரிகிறது?

கேள்வி: காலில் முள் தைத்தால் ஓரிரு நாளில் அந்த இடம் சிவந்து வீங்கிச் சீழ் கோத்துவிடுகிறது. இரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் வெள்ளையணுக்கள் சரியாக அங்கே மட்டும் எப்படி வந்து சேர்கின்றன?

பதில்: முள்ளோடு நுழைந்த பாக்டீரியாக்களை முதலில் உணர்பவை, திசுவிலேயே குடியிருக்கும் மேக்ரோஃபேஜ் போன்ற காவல் அணுக்கள். அவை கீமோகைன் எனப்படும் சிறு புரதங்களைச் சுரக்கின்றன. மனித உடலில் இவ்வகைப் புரதங்கள் ஏறத்தாழ 50 உள்ளன. அவற்றுள் இன்டர்லூகின்-8 என்பது, சீழில் மிகுந்திருக்கும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்களை அழைக்கிறது.

இந்த அழைப்பு இரத்தத்தில் கரைந்துவிட்டால் பயனில்லை. ஓட்டம் அதை அடித்துச் சென்றுவிடும். ஆகவே கீமோகைன், காயத்தருகே உள்ள நுண்சிரைகளின் உட்சுவரில் இருக்கும் சர்க்கரைச் சங்கிலிகளில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. நீங்கள் கேட்ட 'அங்கே மட்டும்' என்பதற்கு விடை இதுதான்: வெள்ளையணு காயத்தைத் தேடி அலைவதில்லை, உடலைச் சுற்றிவரும்போது, சுவர் மாறியிருக்கும் இடத்தில் அது பிடித்து நிறுத்தப்படுகிறது. அச்சுவரில் புதிதாகத் தோன்றியிருக்கும் செலக்டின் புரதங்கள் அதைப் பற்றுவதும் விடுவதுமாக இருப்பதால் அது உருண்டு வேகம் குறைகிறது. அந்நிலையில் கீமோகைன் பட்டதும் அதன் மேலுள்ள இன்டெக்ரின் புரதங்கள் நிமிர்ந்து சுவரை இறுகப் பிடிக்க, அது தட்டையாகிச் சுவரணுக்களுக்கு இடையே நுழைந்து வெளியேறுகிறது. யூலியுஸ் கோன்ஹைம் என்னும் ஜெர்மானிய மருத்துவர், தவளையின் குடலைத் தாங்கும் சவ்வில் வெள்ளையணுக்கள் இவ்வாறு வெளியேறுவதைக் கண்டு 1867-இல் எழுதினார்.

திசுவுக்குள் வந்தபின் வழிகாட்டுவது கீமோகைனின் செறிவு வேறுபாடு. தன் உடலின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் இடையே ஒன்றிரண்டு விழுக்காடு வேறுபாடு இருந்தாலும், செறிவு கூடிய பக்கம் நியூட்ரோஃபில் திரும்பிவிடும் என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. பாக்டீரியாக்கள் வெளிவிடும் புரதத் துண்டுகளே கடைசிக் கட்டத்தில் அதை இழுக்கின்றன.

இன்டெக்ரின் குறையோடு பிறக்கும் குழந்தைகள் மிக அரிதாக உண்டு. அவர்களுடைய இரத்தத்தில் நியூட்ரோஃபில்கள் வழக்கத்தைவிடப் பன்மடங்கு இருக்கும். ஆனால் அவை சுவரைப் பற்ற இயலாததால், தொற்று கடுமையாக இருந்தும் சீழ் பிடிக்காது. தொப்புள்கொடி விழுவதும் தாமதமாகும். பச்சிளங்குழந்தைக்கு இந்தத் தாமதத்தோடு தொற்றும் மீண்டும் மீண்டும் வந்தால், மருத்துவரிடம் வெள்ளையணு எண்ணிக்கையைப் பார்க்கச் சொல்லுங்கள். கடுமையான குறைபாட்டையும் எலும்பு மஜ்ஜை மாற்றால் குணப்படுத்த இயலும்.