ஒபாமாவின் மாநில சட்டமன்ற ஆண்டுகள் எப்படி இருந்தன?

வெள்ளை மாளிகைக்கு முந்தைய ஒபாமாவைப் பலரும் கவனிப்பதில்லை. ஹார்வர்டில் 1991-இல் சட்டம் முடித்தவர், சிகாகோவில் குடிமை உரிமை வழக்குகளை எடுத்து நடத்தினார். பல்கலைக்கழகத்தில் அரசியலமைப்புச் சட்டமும் கற்பித்தார். 1997-இல் இல்லினாய் மாநில செனட்டர் ஆனார். அப்போது அவர் கட்சி சிறுபான்மை, அதனால் தொடக்கத்தில் கைகள் கட்டுண்ட நிலைதான். 2000-இல் அமெரிக்கக் காங்கிரசுக்குப் போட்டியிட முயன்று, வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில் அப்போதைய உறுப்பினர் பாபி ரஷ்ஷிடம் படுதோல்வி.

2003-இல் பெரும்பான்மை கிடைத்ததும் நிலைமை மாறியது. கொலை வழக்குகளில் காவல்துறை விசாரணையை ஒலி, ஒளிப்பதிவு செய்வதைக் கட்டாயமாக்கும் சட்டத்தை முன்னின்று நிறைவேற்றினார். நிரபராதிகள் பலர் மரண தண்டனைக் கொட்டடியில் கிடந்தது அம்பலமாகியிருந்த மாநிலம் அது. தொடக்கத்தில் எதிர்த்த காவல்துறையினரோடு பொறுமையாகப் பேசிப் பேசியே அவர்களை இணங்க வைத்தார். வழக்கறிஞர் ஒருவர் சட்டமன்றத்துக்குப் போனால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்தச் சட்டத்தைத்தான்.