ஜோடி சேர்க்கும் விளையாட்டை வாங்குமுன் யார் ஆடிப் பார்க்க வேண்டும்?

கேள்வி: அம்மாவுக்குக் கணினியில் ஆட ஜோடி சேர்க்கும் விளையாட்டோ, பசில் விளையாட்டோ வாங்கித் தரலாம் என்று இருக்கிறேன். வாங்குமுன் இலவசமாக ஆடிப் பார்க்க வழி உண்டா? ஒரு மணி நேர டிரையலில் என்னதான் தெரிந்துவிடும்?

வழி உண்டு, கீழே சொல்கிறேன். ஆனால் ஆடிப் பார்ப்பதை உங்கள் அம்மாவிடமே விட்டுவிடுங்கள். நான் என் கைக்குப் பிடித்ததை வாங்கி, ஐந்நூற்றுச் சொச்சம் ரூபாயைத் தண்ணீரில் போட்டவள்.

நாங்கள் மும்பையில் சயான் கோலிவாடாப் பக்கம். ஸ்டேஷனுக்கு குரு தேக் பகதூர் நகர் என்று பெயர் மாறி எத்தனையோ வருடமாகியும் அம்மா வாயில் அது கோலிவாடாதான். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள். தமிழில் எட்டாவது வரை படிப்பு. பேச்சுக்கு இந்தி, சந்தையில் கொஞ்சம் மராத்தி, ஆங்கிலம் என்றால் எழுத்துக் கூட்டி வாசிப்பாள். வீட்டில் இருந்தபடியே தையல், புடவைக்கு ஃபால் அடிப்பது என்று இருந்தவளுக்கு முழங்கால் மாற்று ஆபரேஷன் ஆயிற்று. அதன்பின் சில வாரம் வீட்டோடு இருக்க வேண்டும் என்றார்கள். சீரியல் அவளுக்கு ஆகாது. ஊரில் பல்லாங்குழி, தாயம் இரண்டிலும் அவளை ஜெயிக்க ஆளில்லை என்று மாமா சொல்வார். சரி, கணினி விளையாட்டைப் பழக்கிவிடலாம் என்று நினைத்தேன்.

ஒரு ராத்திரி அவள் தூங்கிய பிறகு என் லேப்டாப்பில் ஒன்றை இறக்கினேன். ஒரே மாதிரிக் கல் மூன்றை வரிசையில் சேர்த்தால் அவை மறையும், மேலேயிருந்து புதுக் கல் விழும், அந்த வகை. அறுபது நிமிடம் இலவசம். ஐம்பத்தொன்பதாவது நிமிடம் வரை எனக்குத் தேனாக இனித்தது. அந்த இடத்திலேயே பணத்தைக் கட்டிவிட்டேன்.

அம்மா நாலைந்து நாள் நன்றாகத்தான் ஆடினாள். அப்புறம் இருபதாவது கட்டத்துக்கு மேலே போனதும் திரையின் ஓரத்தில் ஒரு பட்டை வந்து குறைய ஆரம்பித்தது. அது தீர்வதற்குள் முடிக்காவிட்டால் முதலிலிருந்து ஆட வேண்டும். நேரக் கணக்கை நிறுத்திவைக்க அமைப்பில் எந்த வழியும் இல்லை. இரண்டு நாள் பார்த்துவிட்டு அம்மா லேப்டாப்பை மூடினாள். "ஏட்டி, பின்னாலயே எவனோ வெரட்டிக்கிட்டு வாரான். எனக்கு இது வேண்டாம்."

நான் ஆடிய ஒரு மணி நேரத்தில் அந்தப் பட்டையே வரவில்லை. அதற்காக யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். பட்டுப்புடவைக் கடையில் முந்தியைத்தானே முதலில் விரித்துக் காட்டுவார்கள்? உடலை நாம்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். இந்த விளையாட்டுகளின் ஆரம்பக் கட்டங்களும் அப்படித்தான். முதலில் பலகையில் நாலைந்து நிறம்தான் இருக்கும். நிறம் குறைந்தால் தற்செயலாகவே மூன்று மூன்றாகச் சேரும், ஒன்று விழுந்து இன்னொன்றைச் சேர்த்து வெடிக்கும், நாம் என்னவோ பெரிய கெட்டிக்காரர் மாதிரி இருக்கும். ஆறு, ஏழு நிறமானதும் அந்த அதிர்ஷ்டம் வற்றிவிடும். அதற்குப் பிறகுதான் அது உங்களுக்குப் பிடித்த விளையாட்டா என்று தெரியும்.

ஒரு மணி நேரம் என்ற கணக்கு பழையது. 2001இல் பாப்கேப் நிறுவனத்தின் பெஜுவெல்டு என்ற கல் சேர்க்கும் விளையாட்டு கணினியில் இறக்கி ஆடும் வடிவில் வந்தபோது விலை சுமார் 20 டாலர். அன்றைய மதிப்பில் 900 ரூபாய்க்கு மேல். இணையத்தில் எளிய வடிவத்தைச் சும்மா ஆடலாம், முழு வடிவத்துக்குக் காசு என்ற முறை அதில் நன்றாக ஓடியது. பின்னால் பிக் ஃபிஷ் போன்ற தளங்கள் அறுபது நிமிட இலவசத்தையே தங்கள் வழக்கமாக்கிக்கொண்டன. அந்தக் காலத்தில் லாமிங்டன் ரோடு நடைபாதையில் 'நூறு விளையாட்டு' என்று போட்ட சிடி ஒன்றை என் தம்பி ஐம்பது ரூபாய்க்கு வாங்கி வந்தான். நூறும் டிரையல். ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் ஆடியதும் பூட்டிக்கொண்டது. அவன் கணினியின் தேதியைப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தான், ஒன்றும் நடக்கவில்லை. அவை நாளை எண்ணவில்லை, ஆடிய நிமிடத்தை எண்ணின. ஆனாலும் நூறு மணி நேரம் ஐம்பது ரூபாய்க்கு என்று பார்த்தால் மோசமில்லை.

சரி, அம்மா கதைக்கு வருகிறேன். இரண்டாவது தடவை புத்தி வந்து, மூன்று டிரையலை இறக்கி அம்மா முன்னால் வைத்தேன். நான் பக்கத்தில் பட்டாணி உரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வாயைத் திறப்பதில்லை, மவுஸைத் தொடுவதில்லை என்று எனக்கு நானே ஒரு விதி. இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். அவள் தேடும் பொருள் நமக்கு முன்பே தெரிந்துவிடும், விரல் தானாக நீளும்.

முதலாவது, ஒளிந்திருக்கும் பொருளைக் கண்டுபிடிக்கும் வகை. ஒரு பழைய வீட்டின் படம், அதற்குள் நூறு சாமான் இறைந்து கிடக்கும். கீழே ஒரு பட்டியல் ஆங்கிலத்தில் ஓடும். படத்தைப் பார்த்ததும் அம்மா முகம் மலர்ந்தது. பட்டியலில் 'போ' என்று இருந்தது. வில் என்று நான் அர்த்தம் மட்டும் சொன்னேன். சுவர், கூரை, அலமாரி எல்லாம் தேடினாள். "வில்லு எங்கட்டி கெடக்கு? கண்ணு பூத்துப் போச்சி." கடைசியில் பார்த்தால் விளக்கின் கழுத்தில் கட்டியிருந்த ரிப்பன் முடிச்சைத்தான் அந்த வார்த்தை குறித்தது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. 'நெயில்' என்று வந்தால் ஆணியா, நகமா? 'பேட்' என்றால் மட்டையா, வௌவாலா? அங்கே ஒரு மூலையில் அங்குஸ்தான் கிடந்தது. ஆயுசு முழுக்க விரலில் மாட்டியவள் பார்த்தவுடன் அதைக் கண்டுகொண்டாள். பட்டியலில் 'திம்பிள்' என்று எழுதியிருப்பது அதைத்தான் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? தப்பான இடத்தில் நாலு தடவை தட்டியதும் சுட்டி சில நொடி வேலை செய்யாமல் நின்றது. தண்டனையாம். எனக்கே கோபம் வந்துவிட்டது. அதை அப்படியே மூடினோம். உங்கள் அம்மாவுக்கு ஆங்கிலம் சரளமாக வருமென்றால் இந்த வகை அற்புதம். இல்லையென்றால், வார்த்தைக்குப் பதில் பொருளின் நிழலுருவத்தைக் காட்டும் விளையாட்டு சில உண்டு, அதைத் தேடுங்கள்.

இரண்டாவது, மறுபடியும் கல் சேர்க்கும் வகை. இந்த முறை நேரக் கணக்கு இல்லாதது. ஆனால் அப்போது அவளுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகவில்லை. நீலமும் ஊதாவும் அவளுக்கு ஒன்றுதான். நல்ல விளையாட்டில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி வடிவம் இருக்கும். பெஜுவெல்டு கற்கள் அப்படித்தான், நிறம் தெரியாவிட்டாலும் வடிவம் காட்டிக்கொடுக்கும். நாங்கள் இறக்கியதில் எல்லாமே ஒரே உருண்டை. என் கண்ணுக்கு இது எந்தக் காலத்திலும் தெரிந்திருக்காது. இன்னொன்று, டச்பேடில் இழுத்து இழுத்து அவள் மணிக்கட்டு வலித்தது. மறுநாள் ஒரு மவுஸ் வாங்கினேன். கல்லை இழுக்காமல், ஒன்றைத் தட்டி அடுத்ததைத் தட்டினால் இடம் மாறுகிறதா என்பதையும் பாருங்கள்.

மூன்றாவது மாஜாங். 144 ஓடுகளை அடுக்கி வைத்திருப்பார்கள். மேலே எதுவும் மூடாமல், இடதோ வலதோ ஒரு பக்கம் திறந்திருக்கும் ஓடுகளில் ஒரே மாதிரி இரண்டை எடுக்க வேண்டும். அவ்வளவுதான் விதி. சீன எழுத்து ஒன்றும் தெரியாமலே அம்மா பத்து நிமிடத்தில் எல்லாவற்றுக்கும் பெயர் வைத்துவிட்டாள். வட்டம் போட்டது காசு, மூங்கில் மூங்கில்தான், சீன எழுத்து கிறுக்கல். மூங்கில் ஒன்றாம் நம்பரில் குருவி இருக்கும், அது குருவி. ஒரே ஒரு சண்டை பூவில் வந்தது. பூ ஓடு நாலும் நாலு விதம், ஆனால் எந்தப் பூவும் எந்தப் பூவோடும் சேரும். பருவ ஓடுகளும் அப்படியே. "இது ரெண்டும் வேற வேற பூவுல்லா? எப்படிச் சேரும்?" என்றாள். விதி அப்படி என்றேன். "நல்ல விதி" என்றாள், நல்ல என்பதை இழுத்து. ஒரு மணி நேரம் முடிந்து பூட்டு விழுந்தபோது, "கரண்டு போயிட்டா?" என்று கேட்டாள். அதைத்தான் வாங்கினேன்.

மாஜாங் வாங்குவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். ஓடுகளைக் குலுக்கிப் போட்டு அடுக்கினால் சில பலகைகளை யார் ஆடினாலும் முடிக்க முடியாது. ஜோடி ஜோடியாகப் பின்னாலிருந்து அடுக்கிக்கொண்டு வந்தால் ஒரு தீர்வாவது நிச்சயம் இருக்கும். நல்ல விளையாட்டில் 'தீர்வு உள்ள பலகை மட்டும்' என்று ஒரு அமைப்பு இருக்கும். இது சின்ன விஷயமில்லை. பழைய விண்டோஸ் கணினியோடு வந்த ஃப்ரீசெல் என்ற சீட்டாட்டத்தில் 32,000 ஆட்டம் இருந்தது. அதில் 11982ஆம் எண்ணை மட்டும் முடிக்கவே முடியாது. அது தெரியாமல் என் கணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தார். தெரிந்த பிறகு இன்னொன்றையும் தொலைத்தார்.

எங்கே ஆடிப் பார்ப்பது? இப்போது கணினி விளையாட்டு விற்கும் ஸ்டீம் தளத்தில் சில விளையாட்டுகளுக்கு டெமோ, அதாவது இலவசமாக ஆடிப் பார்க்க ஒரு பகுதி, இருக்கும், விளையாட்டின் பக்கத்திலேயே பொத்தான் தெரியும். நெக்ஸ்ட் ஃபெஸ்ட் என்று வருடத்தில் சில தடவை புது விளையாட்டுகளின் டெமோக்களை மொத்தமாகக் கொட்டுவார்கள். டெமோ இல்லாவிட்டால், வாங்கி 14 நாளுக்குள், ஆடியது 2 மணி நேரத்துக்குக் குறைவு என்றால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். ஆட்டம் திறந்திருக்கும் நேரமெல்லாம் ஆடிய கணக்குத்தான். அடுப்பில் குழம்பைக் கிளறப் போகுமுன் மூடச் சொல்லுங்கள். இதையே இலவச ஆட்டமாக்கித் திரும்பத் திரும்பச் செய்தால் அந்த வசதியை நிறுத்திவிடுவார்கள். ஜிஓஜி என்ற இன்னொரு விற்பனைத் தளத்தில் பணத்தைத் திருப்பிக் கேட்க 30 நாள் அவகாசம். ஒரு தளத்தில் டிரையல் ஆடிவிட்டு, தள்ளுபடி என்று வேறு தளத்தில் வாங்கினால் ஆட்டம் முதலிலிருந்து தொடங்கும். எங்கள் வீட்டில் அப்படி ஆனது, அம்மா அதை ஒரு வரமாகவே எடுத்துக்கொண்டாள்.

டிரையலுக்கே கார்டு எண் கேட்டால் விலகிவிடுங்கள். ஒரு தளத்தில் நான் கொடுத்தேன், பெயர் வேண்டாம். ஆடிப் பார்த்ததோடு சரி என்று நினைத்தேன், மாதச் சந்தா ஓட ஆரம்பித்தது. வங்கியின் செயலியில் போய்த் தானியங்கிப் பணம் எடுப்பை நானே ரத்து செய்யும்வரை இரண்டு மாதம் போய்விட்டது.

இலவசமே போதும் என்றாலும் குறைச்சல் இல்லை. சைமன் டாதம் என்பவர் எழுதிய பசில் தொகுப்பில் நாற்பது வகை இருக்கிறது, விளம்பரம் கிடையாது, காசு கிடையாது. பார்க்க அழகாக இருக்காது, அவ்வளவுதான். லினக்ஸ் கணினி என்றால் கேமாஜாங் என்ற மாஜாங் விளையாட்டு சும்மாவே கிடைக்கும். போனில் வரும் கேண்டி கிரஷ் மாதிரியானவையும் இலவசம்தான், ஆனால் ஐந்து உயிர் தீர்ந்தால் ஒரு உயிர் திரும்ப அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும், அல்லது காசு. அம்மாவுக்கு அது பிடிக்கவே இல்லை. "ஆடுறதுக்கு நேரம் பாக்கணுமா?" என்றாள்.

2005 வாக்கில் வந்த பழைய விளையாட்டு என்றால் அகலத் திரையில் படம் இழுபட்டுத் தெரிகிறதா, எழுத்து வாசிக்கிற அளவில் இருக்கிறதா என்று டிரையலில் பாருங்கள். சத்தத்தை நிறுத்திவிட்டு ஆட முடிகிறதா என்றும். மற்றதெல்லாம் உங்கள் அம்மா முகத்திலேயே தெரிந்துவிடும்.

எங்கள் வீட்டு மாஜாங் இன்னும் ஓடுகிறது. கண் ஆபரேஷனும் முடிந்து, இப்போது ஒரு பலகையை இருபது நிமிடத்தில் முடிக்கிறாள். அந்த நாலு பூவை மட்டும் கடைசி வரைக்கும் தொடமாட்டாள். வேறு வழியே இல்லை என்று வரும்போது, பிடிக்காத சம்பந்தத்துக்குச் சரி சொல்வதுபோல் ஒரு பூவைத் தட்டி, கொஞ்சம் யோசித்து, இன்னொன்றைத் தட்டுவாள்.