மீசியா பார்க்க புக்கிட் தீமா போதுமா, ஃப்ரேசர்ஸ் ஹில் போகணுமா?

கேள்வி: என் பையனுக்கு 9 வயசு. பறவைப் புத்தகத்துல சில்வர் இயர்டு மீசியா படத்தைப் பார்த்துட்டு நேர்ல பார்த்தே ஆகணும்னு அடம். ஆபீஸ்ல ஒருத்தர், புக்கிட் தீமாவுலயே மஞ்சக் குருவி நிறைய இருக்கு, எதுக்கு மலேசியா வரைக்கும் போறீங்கன்னு கேக்கறார். ஜூன் லீவுல ஃப்ரேசர்ஸ் ஹில் போனா கண்டிப்பா பார்க்கலாமா? கூட வர்ற என் அம்மாவுக்கு முட்டி வலி, காட்டுப் பாதையில நடக்க முடியாது. - யீஷூன் வாசகி

பதில்: புக்கிட் தீமாவுல கிடைக்காதுங்க. உங்க ஆபீஸ்காரர் பார்த்தது அனேகமா பிளாக் நேப்டு ஓரியோல், அது புளோக் கீழ இருக்கற மரத்துலயே உட்கார்ந்து கத்தும், உடம்பெல்லாம் பளிச்சுனு மஞ்சள், கண்ணுல இருந்து பின்னந்தலை வரைக்கும் கறுப்புப் பட்டை, மைனாவை விடப் பெருசு. மீசியா சிட்டுக்குருவியை விடக் கொஞ்சம்தான் பெருசு. தலை கறுப்பு, கன்னத்துல வெள்ளி பூசின மாதிரி ஒரு திட்டு, அலகு மஞ்சள், றெக்கையில சிவப்பும் மஞ்சளும். ஆணுக்கு வாலோட அடிப்பகுதி நல்ல சிவப்பா இருக்கும், பெண்ணுக்கு அது மங்கலா இருக்கும், பையனை அதைக் கவனிக்கச் சொல்லுங்க.

ஏன் இங்க இல்லைன்னா, எல்லாம் உயரம்தான். புக்கிட் தீமா சிங்கப்பூர்லயே உயரமான குன்று, ஆனா அதுவே 163 மீட்டர் சொச்சம்தான். 100 மீட்டர் ஏறினா சுமாரா 0.6 டிகிரி குறையும், அப்போ அங்க உச்சிக்கே போனாலும் ஒரு டிகிரி வித்தியாசம், அது மலையே இல்லைன்னு வச்சுக்கோங்க. ஃப்ரேசர்ஸ் ஹில் 1,200 மீட்டருக்கு மேல. அங்க ஏழெட்டு டிகிரி குறைஞ்சு, மேகம் வந்து மரத்துல உட்கார்ந்து, கிளையெல்லாம் பாசி பிடிச்சு, மரமே குட்டையாகி, பூச்சி பழம் எல்லாமே வேற ஆயிடும், அதோட சேர்ந்து பறவையும் மாறிடும். நம்ம பக்கத்து மலைகள்ல 1,000 மீட்டர் தாண்டினாதான் மீசியாவை நம்பித் தேடலாம்.

புத்தகத்துல இருக்கற மேப்பை மட்டும் நம்பாதீங்க. இமயமலை அடிவாரத்துல நேப்பாள், பூட்டான், வடகிழக்கு இந்தியான்னு ஆரம்பிச்சு மியன்மார், தென் சீனா, தாய்லாந்து, வியட்நாம் வழியா மலேசியத் தீபகற்பம், சுமத்ரா வரைக்கும் கலர் அடிச்சிருப்பாங்க. பார்த்தா சமவெளியில இருக்கற கிள்ளான்லயே இருக்கும்போலத் தோணும். நிஜத்துல கலரை அந்த மலைகளோட மேல்பாகத்துல மட்டும்தான் அடிக்கணும், நடுவுல இருக்கற சமவெளி பூரா இந்தப் பறவைக்குக் கடல் மாதிரி, தாண்டாது. பனியுகத்துல குளிர் கீழ வரைக்கும் இறங்கி, கடல் மட்டமும் 100 மீட்டருக்கு மேல குறைஞ்சு, சுமத்ராவும் தீபகற்பமும் ஒரே நிலமா இருந்துச்சு. அப்புறம் சூடு ஏற ஏற மலைக்காட்டுப் பறவைகள் மேல ஒதுங்கிடுச்சு. போர்னியோவும் அப்போ ஒட்டிதான் இருந்துச்சு, ஆனா அங்க மீசியா கிடையாது. கினாபாலு போறவங்க தேட வேண்டாம். ஊட்டி, கொடைக்கானல்லயும் இல்லை.

ஜொகூர்ல இருக்கற லெடாங் மலை பக்கத்துலதானே இருக்கு, 1,276 மீட்டராச்சே, அங்க போலாமான்னு அடுத்து கேப்பீங்க. வேண்டாம். அது ஃப்ரேசர்ஸ் ஹில் இருக்கற தித்திவாங்சா மலைத்தொடரோட சேராம தனியா நிக்கற மலை, மலைப்பறவை வகையே அங்க கம்மி. உச்சிக்கு ஏறி இறங்க முழு நாள் ஆகும், அம்மாவை எங்க விட்டுட்டுப் போவீங்க?

இப்போ உங்களுக்கு நல்ல சேதி. மலைக்காட்டுப் பறவைன்னதும் எல்லாரும் நேரா காட்டுக்குள்ள போயிடறாங்க, அட்டைக்கடி வாங்கிட்டு ஒண்ணும் பார்க்காம வர்றாங்க. மீசியா அடர்ந்த காட்டுக்குள்ள இருக்கற பறவை இல்லை, அதுக்குப் பிடிச்சது காட்டோட ஓரம், ரோட்டோரப் புதர், மண் சரிஞ்சு மறுபடி செடி வளர்ந்த இடம், வெயில் படற பழச்செடி. கூடும் புதருக்குள்ள தாழ்வாதான் கட்டும். அதனால ரோட்டோரமா ஒரு நாற்காலி போட்டு அம்மாவை உட்கார வச்சா போதும், உங்களை விட அவங்கதான் முதல்ல பார்ப்பாங்க.

நேரம் ரொம்ப முக்கியம். ராத்திரி பூரா எரிஞ்ச விளக்கைச் சுத்தி வந்த அந்துப்பூச்சி எல்லாம் விடியறப்போ சுவத்துலயும் கம்பத்துலயும் ஒட்டிக்கிட்டு இருக்கும். ஒரு ஆறே முக்காலுக்கு ஃப்ரேசர்ஸ் ஹில் மணிக்கூண்டு பக்கம் விளக்கு இருக்கற இடமாப் பார்த்து நில்லுங்க. லாஃபிங் திரஷ், நீள வால் சிபியா, மீசியா எல்லாம் வந்து பொறுக்கித் தின்னும், அந்துப்பூச்சியோட றெக்கை மட்டும் தரையில உதிர்ந்து கிடக்கும். மீசியா தனியா வராது, சலசலன்னு பேசிக்கிட்டே கூட்டமா வரும், பல வகைக் குருவி கலந்த கூட்டத்தோடவும் வரும், வந்தா ரெண்டு நிமிஷம், போயிடும். பைனாகுலரைக் கழுத்துலயே மாட்டி வைங்க. பத்து மணிக்கு மேல மந்தம், மத்தியானம் மழை இல்லைன்னா மூடுபனி. அதனால ரெண்டு ராத்திரி தங்குங்க, கண்டிப்பான்னு எழுதிக் குடுக்க முடியாது, ஆனா ரெண்டு காலையில பார்க்காம திரும்பறவங்க ரொம்பக் கம்மி. போன்ல அது கத்தற சத்தத்தைப் போட்டுக் கூப்பிடாதீங்க ப்ளீஸ், முட்டை வச்சிருந்தா பாவம்.

ஒருவேளை இங்க சிங்கப்பூர் பார்க்ல ஒண்ணு கண்ணுல பட்டா, அது கூண்டுல இருந்து தப்பிச்சதா இருக்கும். அழகும் பாட்டும்தான் அதுக்கு எமன், சுமத்ராவுல பிடிச்சுப் பிடிச்சு வித்தே பல இடத்துல காலி பண்ணிட்டாங்க. காட்டு உயிரினங்களை நாடு விட்டு நாடு விக்கறதைக் கட்டுப்படுத்தற சைட்டிஸ் ஒப்பந்தத்தோட ரெண்டாவது பட்டியல்ல இருக்கற பறவை, நாடு விட்டு நாடு கொண்டு போக பெர்மிட் வேணும். பையன் வாங்கித் தாங்கன்னு கேட்டா இதைச் சொல்லுங்க.

வழி: கே.எல். (கோலாலம்பூர்) தாண்டி கோலா குபு பாரு, அங்க இருந்து மலை ஏத்தம், கே.எல்.ல இருந்து சுமார் 100 கிலோமீட்டர். ஏறும்போது தி கேப்-னு ஒரு இடம் வரும், சுமார் 800 மீட்டர், கீழ்க்காட்டுப் பறவையும் மேல்காட்டுப் பறவையும் சேர்ந்து கிடைக்கற இடம், ஒரு பத்து நிமிஷம் நிறுத்துங்க. உங்க கார் சிங்கப்பூர் நம்பர்னா உட்லண்ட்ஸ்ல முக்கால் டேங்க் இருக்கணும்னு தெரிஞ்சிருக்கும், அந்தப் பக்கம் ரான் 95 பெட்ரோல் போடக்கூடாது, 97தான். மலை ஏறறதுக்கு முன்னாடி கோலா குபு பாருவுலயே ரொப்பிக்கோங்க. லீவு ஆரம்பிக்கற வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் காஸ்வே பக்கம் போயிடாதீங்க.