ரோபோ டீம் ஆரம்பிக்க முதலில் கிட் வாங்க வேண்டுமா?

கேள்வி: தர்மபுரி மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியையாக இருக்கிறேன். எட்டாவது, ஒன்பதாவது பிள்ளைகள் 12 பேர் ரோபோ டீம் ஆரம்பிக்கலாம் மிஸ் என்று பின்னாலேயே வருகிறார்கள். எனக்கு எலெக்ட்ரானிக்ஸ் தெரியாது. விலை உயர்ந்த கிட் (ரோபோ செய்யத் தேவையான பாகங்கள் அடங்கிய பெட்டி) இல்லாமல் போட்டிக்கே போக முடியாது என்கிறார்களே?

பதில்: பிள்ளைகளே கேட்டு வருகிறார்கள், இதைவிட என்ன வேண்டும்? தாராளமாக ஆரம்பியுங்கள் டீச்சர்.

கிட்டை இப்போது வாங்காதீர்கள். ஒவ்வொரு போட்டிக்கும் விதி வேறு. ஃபர்ஸ்ட் லெகோ லீகில் ரோபோவை லெகோ பாகங்களால்தான் செய்ய வேண்டும். உலக ரோபோ ஒலிம்பியாடில் ஒரு அணிக்கு 2 அல்லது 3 மாணவர்கள்தான். எதில் சேரப்போகிறோம் என்று தெரியாமல் வாங்கினால் பணம் பீரோவில் தூங்கும்.

முதல் வருடம், தரையில் போட்ட கறுப்புக் கோட்டின் வழியே தானாக ஓடும் வண்டி போதும். வெள்ளை சார்ட்டில் கறுப்பு இன்சுலேஷன் டேப், ஓர் ஆர்டுயினோ (புரோகிராமை ஏற்றும் சின்ன மின்பலகை), மோட்டார் டிரைவர் (அதன் கட்டளைப்படி மோட்டாருக்கு மின்சாரம் தரும் பலகை), 2 கியர் மோட்டார், 2 ஐஆர் சென்சார் (அகச்சிவப்புக் கதிரால் கறுப்பையும் வெள்ளையையும் பிரித்தறியும் உணரி). ஒரு வண்டிக்கு ஏறக்குறைய 2,000 ரூபாய் ஆகும். பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் முன்னாள் மாணவர்களிடமும் கேளுங்கள். பக்கத்துப் பள்ளியில் அடல் டிங்கரிங் லேப் (மத்திய அரசுத் திட்டத்தில் பள்ளிகளில் அமைத்த செய்முறைக் கூடம்) இருந்தால், அங்கே சில நாள் வந்து செய்ய அனுமதி கேட்டுப் பாருங்கள்.

எங்கே மாட்டிக்கொள்வார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மோட்டாருக்குச் சின்ன 9 வோல்ட் பேட்டரி தாங்காது. சார்ஜ் செய்யும் லித்தியம் செல்லும் அதற்கான சார்ஜரும் வாங்குங்கள். வகுப்புக்குள் ஒழுங்காக ஓடிய வண்டி வராண்டாவுக்கு வந்ததும் கோட்டிலிருந்து விலகி ஓடும். பிள்ளைகள் உடனே புரோகிராமைக் குடைவார்கள். பெரும்பாலும் தப்பு அதில் இருக்காது, வெயிலில் இருக்கிற அகச்சிவப்புக் கதிர் சென்சாரைக் குழப்பும். நிழலுக்கு நகர்த்தி, சென்சாரில் இருக்கும் குட்டித் திருகைக் கொஞ்சம் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் கணிதமும் இங்கே உதவும். 6.5 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் ஒரு சுற்றுக்கு 20 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக நகரும். ஒரு மீட்டர் போக எத்தனை சுற்று என்று அவர்களே கணக்குப் போடட்டும்.

எனக்கு இதையெல்லாம்விடப் பெரிய கவலை ஒன்று. கெட்டிக்காரப் பையன் ஒருவன் லேப்டாப்பைப் பிடித்துக்கொள்வான். பெண் பிள்ளைகள் கையில் நோட்டும் ஸ்கெட்ச் பேனாவும் போய்ச் சேரும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, ஆனால் அப்படியே நிலைத்துவிடும். நான்கு பேருக்கு ஒரு வண்டி கொடுங்கள். வயரிங், புரோகிராம், சக்கரமும் சட்டமும், ஓட்டிப் பார்த்துக் குறித்துவைப்பது என்று வாராவாரம் வேலையை மாற்றுங்கள். தெரிந்த பிள்ளை வாயால் சொல்லித்தரலாம், ஸ்க்ரூடிரைவரைத் தொடக்கூடாது. இதில் மட்டும் கறாராக இருங்கள். அப்புறம், கடைசி பஸ்ஸைப் பார்த்து நேரத்தை வையுங்கள். இல்லையென்றால் தூரத்துப் பிள்ளைகள்தான் முதலில் நின்றுபோவார்கள்.

மூன்று வண்டியும் தடுமாறாமல் சுற்றி வரட்டும். பிறகு போட்டி விதிமுறைகளை அச்செடுத்துப் பிள்ளைகளிடமே கொடுத்து, எதில் சேரலாம் என்று அவர்களையே பேசி முடிவெடுக்கச் சொல்லுங்கள். கிட் பற்றி அன்றைக்கு யோசிக்கலாம்.